ரிங்கர் என்றொரு மருத்துவர்

சென்ற சித்திரையில் ஒரு நாள் நண்பகல், என் அண்ணன் தாம் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் மயங்கி விழுந்துவிட்டார். அவர் சம்பாத்தியத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது; நான் கல்லூரிக்கு வருவதும் அதில்தான். செய்தி கேட்டு ஓடினேன். மருத்துவமனையில் அவர் கையில் ஊசி குத்திப் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள் என்று அம்மா பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் எந்தப் பாட்டிலைத் தொங்கவிட்டாலும் அதற்குப் பெயர் குளுக்கோஸ்தான். ஆனால் அந்தப் பாட்டிலின்மீது ரிங்கர் லாக்டேட் என்று அச்சிட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. அம்மா கேட்டார், படித்துச் சொன்னேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். விழித்தேன். விலங்கியல் படிக்கிற பிள்ளை விழித்ததைப் பக்கத்துக் கட்டில்காரரும் பார்த்தார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் எங்கள் பேராசிரியரிடம் போய் நின்றேன். முன்பெல்லாம் மாணவர்கள் தவளையை அறுத்து, அதன் இதயத்தை ரிங்கர் கரைசலில் நனைத்துத் துடிக்கவிட்டுப் பார்ப்பார்களாம். இப்போது தவளை அறுப்பது நின்றுவிட்டதால் அந்தப் பெயரும் எங்களை எட்டாமல் போய்விட்டது என்றார். நூலகத்தில் தேடி எடுத்தவற்றையும் அவர் சொன்னவற்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சிட்னி ரிங்கர் இங்கிலாந்தில் நார்விச் என்னும் ஊரில், 1830-களின் நடுவில், வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தம்பி பிரடெரிக் கடல் கடந்து ஜப்பானின் நாகசாகி துறைமுகத்தில் பெரிய வணிகராக விளங்கினார். இன்றும் அந்நாட்டில் அவர் பெயரால் ஒரு நூடுல்ஸ் கடை வரிசை நடக்கிறது! அண்ணன் பெயர் உப்புநீர்ப் பாட்டிலிலும், தம்பி பெயர் மாவுப் பண்டத்திலும் நிலைத்துவிட்டன.

சிட்னி 1854-இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் சேர்ந்து மருத்துவம் பயின்றார். 1860-இல் பட்டம் பெற்று, அக்கல்லூரி மருத்துவமனையிலேயே பணியேற்று, கடைசிவரை அங்கேயே இருந்தார். 1869-இல் வெளிவந்த அவரது மருந்தியல் கையேடு பதிமூன்று பதிப்புகள் கண்டது. இத்தனையும் பெற்ற ஒருவர் மாலையில் வீடு போய்ச் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்கலாம். ரிங்கரோ நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த சொற்ப நேரத்தில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்துவிடுவார். நேரம் தவறாமைக்குப் பேர்போன அவர், வந்த வேகத்திலேயே சோதனையைப் பார்த்துக் குறிப்பெழுதிவிட்டுக் கிளம்புவாராம்.

உடலிலிருந்து எடுத்த தவளையின் இதயத்தை எந்தக் கரைசல் துடிக்க வைக்கும் என்பதே அவர் பிடித்துக்கொண்ட கேள்வி. சாதாரண உப்புக் கரைசலோடு சிறிது பொட்டாசியமும் சேர்த்தால் இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று கண்டு 1882-இல் கட்டுரை வெளியிட்டார். பிறகுதான் வந்தது வினை. அந்தக் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்யவில்லை, ஆய்வுக்கூடத்துக் குழாய் நீரில் செய்துவிட்டார்கள் என்று தெரியவந்தது. காய்ச்சி வடித்த நீரில் மீண்டும் செய்தால் இதயம் சீக்கிரமே சோர்ந்து நின்றுபோயிற்று. அந்தக் குழாய் நீர் நியூ ரிவர் கம்பெனி என்ற நிறுவனம் வழங்கியது. சுண்ணப் பாறையில் ஊறும் ஊற்றுகளிலிருந்து கால்வாய் வழியாக லண்டனுக்கு வருவது. கால்சியம் கலந்த நீர். இதயத்தைத் துடிக்க வைத்தது அந்தக் கால்சியம்!

இந்த இடத்தில்தான் அந்த மனிதர்மீது எனக்கு மதிப்பு உயர்ந்தது. வெளியான கட்டுரை வெளியானதுதானே என்று அவர் பேசாமல் இருந்திருக்கலாம். சென்ற பருவத்தில் வேதியியல் செய்முறையில் எனக்குத் தவறாக வந்த அளவை நான் மெல்லத் திருத்தி எழுதியவன், ஆகையால் சொல்கிறேன். ரிங்கர் 1883-இல் அதே இதழில், முன்பு பயன்பட்டது குழாய் நீர் என்றும், தம் முடிவைத் திருத்த வேண்டியிருக்கிறது என்றும் எழுதினார். அந்தத் திருத்தம்தான் அவருக்கு அழியாப் பெயர் தந்தது. கால்சியம் மிகுந்தால் இதயம் இறுகிப்போகிறது. பொட்டாசியம் மிகுந்தால் தளர்ந்து நிற்கிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் தத்தம் அளவில் நின்றால்தான் துடிப்பு சீராக ஓடுகிறது என்று அவர் நிறுவினார். சிறு மீன்களைக் காய்ச்சி வடித்த நீரில் விட்டுப் பார்த்தார். சில மணி நேரத்தில் அவை மடிந்தன. தண்ணீர் தூய்மையாக இருந்து என்ன பயன், உப்புகள் இல்லையே!

இப்போது என் அண்ணன் கதைக்கு வருகிறேன். சர்க்கரை நோயின் வாசலில் இருப்பதாக மருத்துவர் சொன்னதும், நண்பர்கள் பேச்சைக் கேட்டுப் பேலியோ உணவுமுறையில் இறங்கினார். சோறு, இட்லி எல்லாம் நின்றன. இரத்த அழுத்தம் வராமலிருக்க உப்பையும் குறைத்துக்கொண்டார். தாகத்துக்குத் தண்ணீரை மட்டும் செம்பு செம்பாகக் குடித்தார். முதல் வாரத்தில் மூன்று கிலோ எடை குறைந்ததும் எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. பெரும்பகுதி தண்ணீர்தான் குறைந்தது என்பது யாருக்குத் தெரியும்? மாவுச்சத்து நம் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகத் தங்கும்போது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் நீரையும் பிடித்து வைக்கிறது. மாவுச்சத்து நின்றால் கிளைக்கோஜன் கரைந்து அந்த நீர் வெளியேறுகிறது. அதோடு இன்சுலின் சுரப்பும் தாழ்கிறது. அது தாழ்ந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்காமல் வெளியே தள்ளுகிறது, பொட்டாசியமும் குறைகிறது. பட்டறை வெக்கையில் வியர்வை வழியாகவும் உப்பு போயிற்று. போனது தண்ணீரும் உப்பும். அண்ணன் திரும்ப ஊற்றியது தண்ணீரை மட்டும். மயங்குவதற்கு நான்கைந்து நாள் முன்பே அவருக்குத் தலைவலியும் இரவில் கெண்டைக்கால் பிடிப்பும் இருந்தன. உடம்பு கொழுப்பைக் கரைக்கிறது, அதன் அடையாளம் இது என்று நண்பர்கள் சொன்னார்களாம்.

ரிங்கரின் கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன், ஆண்டு 1932. வயிற்றுப்போக்கால் இரத்தத்தில் அமிலம் மிகுந்து வாடிய குழந்தைகளுக்காகச் சேர்த்தார். அதைக் காண ரிங்கர் இல்லை. தம் மகளை இளவயதிலேயே பறிகொடுத்தவர் அவர். அவள் நினைவாக யார்க்‌ஷயரில் லாஸ்டிங்காம் என்ற சிற்றூரின் பழைய தேவாலயத்தை 1879-இல் தம் செலவில் புதுப்பித்தார். 1899-இல் மனைவியும் மறைந்தார். மறு ஆண்டு பணி ஓய்வு பெற்று அவ்வூருக்கே போய்த் தங்கி, 1910-இல் அங்கேயே காலமானார்.

அண்ணன் உணவுமுறையை அடியோடு விட்டுவிடவில்லை. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, உப்புப் போட்ட மோரும், எலும்பு ரசமும், கீரையும் சேர்த்துக்கொள்கிறார். சிறுநீரகக் கோளாறோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இதைப் பார்த்து உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அந்த மருத்துவர் எச்சரித்ததையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு ரிங்கரின் கதையை ஒரு மாலை முழுக்கச் சொன்னேன். தவளைக்காக மிகவும் வருந்தினார். மகளை இழந்த இடத்தில் கண் கலங்கினார். ஆனால் மறுநாள் தெருக்குழாயடியில், என் மூத்தவனுக்குக் குளுக்கோஸ் ஏற்றித்தான் பிழைத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.