ச. வெ. இராமன்

சர் சந்திரசேகர வெங்கட இராமன் (நவம்பர் 7, 1888 – நவம்பர் 21, 1970) புகழ்பெற்ற இந்திய இயற்பியலாளர் ஆவார். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றார். அதற்கு முன்னர் இசைக்கருவிகளின் இயற்பியலை விரிவாக ஆராய்ந்தார். வயலின் தந்தியைத் தொடர்ந்து அதிரச் செய்யத் தேவையான விசையை இயந்திரம் கொண்டு அளந்தது அவற்றுள் குறிப்பிடத்தக்கது.

இளமை

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தை கல்லூரி விரிவுரையாளரானதால் குடும்பம் விசாகப்பட்டினத்தில் குடியேறியது. தந்தை வயலின் வாசிப்பவர். இராமன் 1907 இல் மணந்த லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904 இல் இளங்கலைப் பட்டமும் 1907 இல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

கொல்கத்தா வாழ்க்கை

1907 இல் அரசின் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தாவில் பணியேற்றார். அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். 1917 இல் அப்பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆனார்.

இயந்திர வயலின்

வில்லால் இழுக்கப்படும் தந்தி, வில்லோடு சிறிது தூரம் ஒட்டிச் சென்று பின் நழுவும். இது ஒவ்வோர் அதிர்விலும் நிகழும். இவ்வியக்கத்தின் கோட்பாட்டை இராமன் 1918 இல் வெளியிட்டார். அதைச் சோதிக்க, வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் மாறாமல் வைத்திருக்க வேண்டும். இது மனிதக் கையால் இயலாது. எனவே வில்லை ஓரிடத்தில் நிறுத்தி, வயலினைச் சீரான வேகத்தில் முன்னும் பின்னும் நகர்த்தும் இயந்திரம் ஒன்றை அமைத்து, முடிவுகளை 1920 இல் வெளியிட்டார்.

தந்தி முறையாக அதிர்வதற்கான மிகக் குறைந்த வில்லழுத்தத்தை அவர் அளந்தார். தந்தியைத் தாங்கும் குதிரைக்கு அருகே வில் செல்லச் செல்ல இவ்வழுத்தம் விரைந்து கூடுகிறது. தூரம் பாதியானால் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. வில்லின் வேகம் கூடினாலும் இது உயர்கிறது. வயலின் உடல் ஒத்ததிரும் சுரங்களிலும் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. அங்கே தந்தியின் ஆற்றல் குதிரை வழியாக உடலுக்கு மிகுதியாகச் செல்வதே காரணம்.

ஓர் அமைப்பை நிற்காமல் இயக்க எவ்வளவு திறன் வேண்டும், அது எங்கே செலவாகிறது என்பது எந்திரப் பொறியியலின் அடிப்படைக் கேள்வி. எந்திரத்தின் கேம் தண்டைச் சுழற்றும் திறனைக் கணிப்பவரும் வால்வுச் சுருள்வில்லின் விசை, உராய்வு, வேகம் ஆகியவற்றையே ஆராய்கிறார். 1973 இல் ஜான் ஷெல்லெங் வில்லழுத்தத்தின் மேல், கீழ் எல்லைகளுக்குச் சூத்திரங்கள் தந்தார். அவற்றில் கீழ் எல்லை, இராமன் கண்ட தூர விதியைப் பின்பற்றுகிறது.

பிற்கால வாழ்க்கை

1928 பெப்ரவரி 28 அன்று இராமன் விளைவைக் கண்டறிந்தார். 1933 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1948 இல் இராமன் ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினார். 1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 இல் பெங்களூரில் காலமானார். பெப்ரவரி 28 இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.