கதையே இல்லாத படத்துக்கு முழுப்பக்க விளம்பரம்!

போன கண்காட்சியில் எங்க ஸ்டால் வாசலில் ஒட்டியிருந்த அட்டை ஞாபகம் இருக்கா? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மட்டுமே வருவது, இன்று உள்ளே என்று சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதியது நான்தான். செம கூட்டம்! உள்ளே இருந்ததோ 2018-ல் அம்மா நோட்டுக்குள் வைத்து உலர்த்திய ஒரு குறிஞ்சிக் கொத்து. நீலமெல்லாம் போய், காய்ந்த புல் மாதிரி இருந்தது. ஏழாம் வகுப்புத் தம்பி ஒருத்தன் அட்டையைப் பார்த்தான், கொத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இவ்வளவுதானா அண்ணா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கலை.

விளம்பரம் எழுதுவதில் பெரிய ஆள் யாரு என்று தேடியபோதுதான் எஸ்.எஸ்.வாசன் கிடைத்தார்.

திருத்துறைப்பூண்டியில் 1904-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட, அம்மாவோடு சென்னைக்கு வந்தார். கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தார், தபாலில் சாமான் விற்றார். தபால் வியாபாரத்தில் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது இல்லையா? விளம்பரத்தின் முதல் வரி கண்ணை இழுத்தால்தான் ஆர்டர் வரும். இழுத்துவிட்டு மட்டமான பொருளை அனுப்பினால் அடுத்த ஆர்டர் வராது.

1928-ல் ஆனந்த விகடனை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் என்று 200 ரூபாய் கொடுத்தாராம். (நான் எண்ணிப் பார்த்தேன், புள்ளி வைத்த எழுத்தையும் சேர்த்தால் சரியாக எட்டு!) குறுக்கெழுத்துப் போட்டி வைத்து, அடுத்த இதழ் எப்போ வரும் என்று வாசகர்களை ஏங்க வைத்தார். பிறகு ஜெமினி ஸ்டூடியோவைத் தொடங்கினார்.

1943-ல் மங்கம்மா சபதம் நன்றாக ஓடியது. அடுத்த படத்துக்குக் கதை இலாகாக்காரர்கள் ஒரு கதை சொன்னார்கள். வில்லனின் மூக்கை அறுத்து மிளகாய்ப் பொடி தூவும் கதாநாயகி! வாசனுக்குக் கதை பிடிக்கவில்லை. ஆனால் அவள் பெயர் மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. கதையைத் தள்ளிவிட்டு, சந்திரலேகா என்ற பெயரை வைத்து முழுப்பக்க விளம்பரம் கொடுத்துவிட்டார். யார் இந்தச் சந்திரலேகா? ஊருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது!

என் அட்டை மாதிரிதானே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் மீதியைப் படித்தேன். அந்த ஒரு பெயருக்காகக் கொத்தமங்கலம் சுப்பு உள்ளிட்டவர்கள் புதுக்கதை தேடினார்கள். படப்பிடிப்பு வருஷக்கணக்கில் இழுத்தது. நடுவில் இயக்குநர் விலக, வாசனே முதன்முறையாக இயக்குநர் ஆனார். சொத்தை அடமானம் வைத்தார் என்கிறார்கள். 1948 ஏப்ரலில் படம் வந்தது. பெரிய பெரிய முரசுகள் மேல் நூற்றுக்கணக்கானவர்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுக்குள்ளிருந்து வீரர்கள் குதித்து வருகிறார்கள்! கம்ப்யூட்டர் வித்தை எதுவும் கிடையாது, எல்லாம் நிஜ ஆட்கள். அதே வருஷம் இந்தியிலும் எடுத்து, வடநாட்டிலும் பிரமாண்டமாக விளம்பரம் செய்தார். 1969-ல் வாசன் காலமானார். முரசு நடனத்தை இன்னும் பேசுகிறார்கள்.

குறிஞ்சி நம்ம மலையில் அடுத்து 2030-ல் பூக்கணும். ஏழாம் வகுப்புத் தம்பியிடம் நேற்றே சொல்லிவிட்டேன், அப்போ நான் எங்கே இருந்தாலும் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன் என்று. அவன் நம்பின மாதிரி தெரியலை.