இருதயத்தின் எழுத்தை வாசித்த பேராசிரியர் ஐந்தோவன்

உலகில் தோன்றி மறைந்தோர் எண்ணிலர். அவருள் தம் அறிவையும் உழைப்பையும் பிறர் உயிர் காக்கச் செலவிட்டோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஒல்லாந்து தேசத்து வில்லெம் ஐந்தோவன்.

இவர் 1860ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் திகதி, அக்காலத்தில் ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த யாவாத் தீவின் செமராங் நகரிற் பிறந்தார். வைத்தியரான தந்தையாரை ஆறு வயதில் இழந்தார். தாயார் தம் ஆறு மக்களையும் அழைத்துக்கொண்டு 1870இல் ஒல்லாந்தின் உத்ரெக்த் நகரை அடைந்தார். அந்நகரச் சர்வகலாசாலையில் 1878இல் வைத்தியம் பயிலத் தொடங்கிய ஐந்தோவன், ஏட்டுப் படிப்போடு அமைந்தாரல்லர். தேகாப்பியாசம், வாட்பயிற்சி, படகு வலித்தல் ஆகியவற்றிலும் முன்னின்றார். ஒருமுறை மணிக்கட்டு முறிந்தபோது வீணே காலங் கழியாது, முன்கை திரும்பும் விதத்தையே ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1886இல் லெய்டன் சர்வகலாசாலையில் உடற்றொழிலியற் பேராசிரியரானபோது அவருக்கு வயது இருபத்தைந்தே!

இருதயம் துடிக்குந்தோறும் நுண்ணிய மின்சாரம் எழுகின்றது. 1887இல் இலண்டனில் வாலர் என்பார் அதனை மனிதரிடத்திற் பதிவுசெய்து காட்டினார். ஆயினும் அவர் கையாண்ட பாதரசக் கருவி மந்தமாக அசைவது. உண்மை வடிவம் அதிற் புலப்படவில்லை. ஐந்தோவன் பல்லாண்டு முயன்று, 1901இல் புதிய கருவியொன்றை அறிவித்தார். உருக்கிய படிகக்கல்லை அம்பிற் பொருத்தி வில்லால் எய்து, மயிரினும் மெல்லிய இழையாக்கி, வெள்ளி பூசி, வலிய மின்காந்தத்தின் நடுவே நிறுத்தினார். கருவியின் நிறை ஏறக்குறைய 270 கிலோ. அதனை இயக்க ஐவர் வேண்டும். வைத்தியசாலை ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவில் இருந்தமையால், 1905இல் நோயாளரின் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வுகூடத்துக்கு வரவழைத்தார். அலைகளுக்கு அவர் இட்ட பீ, கியூ, ஆர், எஸ், ரீ என்னும் பெயர்களே இன்றும் வழங்குகின்றன.

ஓய்விலிருக்கும் இருதயம் தன் குறையை மறைத்தலுங் கூடும். 1908இல் அவர் வெளியிட்ட பதிவுகளில், உடலுழைப்பின் பின் அலைக்கோடு தாழ்தல் காணப்பட்டது. அதன் பொருள் பின்வந்தோர்க்கே விளங்கிற்று. குழாய் ஒடுங்கிய இருதயம், வேலை மிகும்போது போதிய இரத்தம் பெறாது அவ்வாறு முறையிடுகின்றது. 1963இல் அமெரிக்க வைத்தியர் றொபேட் புரூஸ், சுழலும் பட்டியில் நடப்பித்து, மூன்று நிமிடத்துக்கொருமுறை வேகமும் ஏற்றமுங் கூட்டிச் சோதிக்கும் முறையை வெளியிட்டார். 2002இல் வெளியான ஆய்வொன்று ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஆடவரை நோக்கியது. ஒருவர் எவ்வளவு உழைப்பைத் தாங்கினார் என்பதே அவரது மரண அபாயத்தை மற்றெதனினும் திறம்பட முன்னறிவித்தது என்று அது கண்டது.

1924இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. முன்பு தமக்கு உதவிய தொழிலாளி இறந்துபோக, வறுமையில் வாடிய அவர் சகோதரிகளைத் தேடிக் கண்டு, பரிசுப் பணத்திற் பாதியை அளித்தார் என்பர். 1927இல் அப்பெரியார் உலக வாழ்வை நீத்தார்.

சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம். வாலிபர்காள்! உடலை நாடோறும் பயிற்றுமின். பெரியோர்களே! படியேறுகையில் நெஞ்சு இறுகுமாயின், வாயு என்று வாளாவிராது வைத்தியரை நாடுங்கள். ஓய்விலே பிடித்த படம் நன்றாயிருத்தல் மாத்திரம் போதாது. இருதயம் எழுதும் எழுத்தைக் காலத்தில் வாசித்தறிவதே அப்பெருமகனுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.