ஜான் பாய்டு டன்லப்

ஊத்துக்குளியினின்று திருப்பூர்ப் பின்னலாடைச் சாலைகளுக்கு மிதிவண்டியேறிச் சென்ற தொழிலாளர் பல்லோர், டன்லப் என்னும் சொல் டயர்மீது பொறித்திருக்கக் கண்டவரே. அஃது ஒரு மனிதரின் பெயரென்றும், அவர் மாட்டுக்கும் குதிரைக்கும் மருந்தளித்து வாழ்ந்தவரென்றும் அறிந்தார் சிலரே ஆவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

ஸ்காட்லாந்து நாட்டு அயர்ஷயர் வட்டத்தில், டிரெகார்ன் என்னும் சிற்றூரில், 1840-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5-ஆம் நாள் டன்லப் பிறந்தார். குறைமாதத்துப் பிள்ளையென்று பெற்றோர் கூறக் கேட்டு வளர்ந்தமையால், தம் உடல் நலிந்ததென்றே வாணாள் முழுதும் எண்ணி, மெய்வருந்தும் செயல்களினின்றும் ஒதுங்கி வாழ்ந்தார். அங்ஙனம் அஞ்சியவர் பெரும்பிணி ஏதுமின்றி எண்பது அகவையைக் கடந்தது வியப்பே. எடின்பரோவிற் கால்நடை மருத்துவம் பயின்று, 1867-இல் அயர்லாந்து சென்று, பின்னர்ப் பெல்பாஸ்ட் நகரிற் பெரியதோர் மருத்துவச்சாலை நடத்தினார். காங்கயம் காளைகளைப் பேணும் எம் நாட்டார்க்கு இத்தொழிலின் அருமையை எடுத்துரைத்தல் வேண்டா.

1887-இல் அவருடைய சிறு மகனுக்கு மூன்றுருளி வண்டியொன்று வாய்த்தது. அக்காலத்துச் சக்கரங்களுக்குக் கெட்டி ரப்பரே பட்டை. கல் பாவிய தெருவில் அது குலுக்கும் குலுக்கு எலும்பை வருத்தும். டன்லப் மெல்லிய ரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, மரவட்டமொன்றின்மேற் சுற்றித் துணியாற் போர்த்து ஆணியறைந்து, காற்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் அதனை நிரப்பினார். பின்பு அவ்வட்டத்தையும் மகனுடைய வண்டிச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். வண்டிச் சக்கரம் இடைவழியிற் சாய்ந்தது. காற்றடைத்த வட்டமோ முற்றம் முழுதும் கடந்து வாயிற்றூணில் மோதி மீண்டது. ஒரு மனிதர் தம் நாற்பத்தேழாம் அகவையில், தமக்குத் தொழிலல்லாத ஒன்றில், இத்துணை எளிய சோதனையால் உண்மை கண்டது எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்கின்றது.

1888-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பெற்றது. மறு ஆண்டு மே மாதம் வில்லி ஹியூம் என்பார் பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழாவில் அச்சக்கரங்களோடு இறங்கி, நான்கு மிதிவண்டிப் பந்தயங்களிலும் வென்றார். தோற்றவருள் ஹார்வி டு கிராஸ் என்னும் வணிகரின் மைந்தரும் இருந்தனர். அவ்வணிகர் அவ்வாண்டே டப்ளினிற் கம்பெனியொன்று நிறுவி, டன்லப்பையும் அதிற் சேர்த்துக்கொண்டார்.

நிற்க. காப்புரிமை பெற்ற இரண்டு ஆண்டுகளில், அது செல்லாதென்று டன்லப்புக்கு அறிவிக்கப்பட்டது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்தியர் இதே கருத்துக்கு 1845-லேயே உரிமை பெற்றிருந்தார். அவர் செய்த காற்றுச்சக்கரங்கள் இலண்டனிற் குதிரைவண்டிகளில் ஓடியும் காட்டின. மிதிவண்டி பெருகாத காலமாதலின் உலகம் அதனை மறந்தது. டன்லப் தாம்சனை அறியாமலே தம் வழியிற் சென்றாராதலின், அவரைக் களவுடையார் எனல் பொருந்தாது. முதல்வர் எனலும் பொருந்தாதென்பதே எம் கருத்து.

அன்றியும், காற்றை அடைத்தல் வேறு. அடைத்த காற்றை நிற்பித்தல் வேறு. டன்லப்பின் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. முள் தைத்தால் துணியையும் பசையையும் பிரித்தெடுத்த பின்னரே உட்குழாயைத் தொடலாகும்; பஞ்சர் ஒன்றுக்குப் பல மணி நேரம் கழியும். இக்குறையைத் தீர்த்தவர் பிறர். 1890-இல் வெல்ச் என்பவர் டயரின் இரு விளிம்புகளிலும் நீளாத கம்பியை வைத்து, நடுவே பள்ளமுடைய ரிம்மில் அதனைப் பொருத்தினார். பார்ட்லெட் என்பவர் தடித்த விளிம்பை ரிம்மின் கொக்கியில் மாட்டச் செய்தார். இவ்விரு உரிமைகளையும் கம்பெனி விலைக்கு வாங்கியது.

இக்காலத்து டியூபில்லாத மிதிவண்டி டயரும் அவ்விளிம்பையே நம்பி நிற்கின்றது. ரிம்மின் ஆரக்கம்பித் துளைகளைக் காற்றுக் கசியாத பட்டையால் மூடி, வால்வை இறுக்கி, விளிம்பிற் சோப்பு நீர் தடவிக் காற்றை ஒரே வீச்சிற் செலுத்தல் வேண்டும். மெல்ல அடித்தால் அடிக்க அடிக்க ஓரத்தில் ஒழுகிவிடும். வேகமாகப் புகுந்த காற்று விளிம்பைத் தள்ளி ரிம்மின் இருக்கையில் ஓசையுடன் அமர்த்தும். உள்ளே ஊற்றிய ரப்பர்ப்பால் கலந்த நீர்மம், சக்கரம் சுழலச் சுழல எங்கும் பரவி, நுண்ணிய கசிவுகளையும் வேலமுள் இட்ட சிறு துளையையும் அடைக்கும். பட்டை சற்றே மடிந்து ஒட்டினும் காற்று ஆரக்கம்பி வழியே இறங்கிவிடும். உட்குழாயை உயிராகக் கொண்ட டன்லப்பின் சக்கரத்தில் உட்குழாயே நீங்கிற்று. அவர் கருதாத விளிம்பு எஞ்சிற்று.

கம்பெனி வளர்ந்த அளவு டன்லப் வளரவில்லை. 1895-இல் அவர் விலகினார். அடுத்த ஆண்டே டு கிராஸ் கூட்டத்தார் அத்தொழிலை 30 இலட்சம் பவுனுக்கு விற்றனர்; வாங்கிய ஹூலி அதனை 50 இலட்சத்துக்குப் பங்குகளாக்கினான். கண்டுபிடித்தவர் கைக்கு வந்தது சிறிதே. அவர் பெயர் மட்டும் கடல் கடந்து, வங்காளத்துச் சாகஞ்சிலும், பின்னர்ச் சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் ஆலைகளின் முகப்பில் ஏறிற்று.

இறுதிக் காலத்தில் டன்லப் டப்ளினிற் குடியிருந்து துணிக்கடையொன்றில் பங்குகொண்டிருந்தார். 1921-ஆம் ஆண்டு அக்டோபரிற் குளிர்பிடித்து, 23-ஆம் நாள் காலமானார். காற்றுச்சக்கரம் பிறந்த வரலாற்றை அவர் எழுதிவைத்திருந்தார். அதனை அவர் மறைந்த பின்னர் மகளார் நூலாக வெளியிட்டார்.