கூடைப்பந்து கண்ட நெய்ஸ்மித்

கூடைப்பந்துத் திடலில் இரும்பு வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். கல்லூரித் திடலாயினும் ஒலிம்பிக் அரங்காயினும் இவ்வளவு மாறுவதில்லை. அறிஞர் குழு ஒன்று கூடி ஆராய்ந்து வகுத்த உயரம் இது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஓர் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தின் விளிம்பில் ஆணியடித்து மாட்டினார். அம்மாடம் 10 அடி உயரத்தில் இருந்தது, அவ்வளவே. அந்த ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கூடைப்பந்தைக் கண்டவர் என்ற முறையில் உலகம் அவரை அறியும். அவரே ஒரு பல்கலைக்கழக ஆடவர் அணியைத் தொடங்கி, ஒன்பது பருவங்கள் அதை வழிநடத்தினார் என்பதும், அவ்வணி அவர்காலத்தில் வென்றதைவிடத் தோற்றதே மிகுதி என்பதும் பலர் அறியாதவை.

நெய்ஸ்மித் 1861ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆல்மான்ட் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்கள். 1870இல் அப்பகுதியில் நச்சுக் காய்ச்சல் பரவியது. சில வார இடைவெளியில் தந்தையும் தாயும் இறந்தனர். அப்போது அச்சிறுவனுக்கு ஒன்பது வயது நிறையும் தறுவாய். தாய்மாமன் அவனை வளர்த்தார். வயலிலும் காட்டிலும் உழைப்பதே நாள்தோறும் வேலை. படிப்பை இடையில் நிறுத்திவிட்டு மரம் வெட்டும் முகாம்களில் அவன் பணிபுரிந்தான். இருபது வயதை எட்டியபோது மனம் மாறி, தன்னினும் இளையவர்களோடு மீண்டும் பள்ளி இருக்கையில் அமர்ந்தான்.

அவ்வூர்ச் சிறுவர்கள் விரும்பி ஆடிய கல்விளையாட்டு ஒன்று உண்டு. பெரிய பாறையின்மேல் ஒரு கல்லை வைப்பர். ஒருவன் அதைக் காப்பான். மற்றவர்கள் தொலைவில் நின்று தத்தம் கல்லை எறிந்து அதை வீழ்த்த முயல்வர். விசையோடு நேராக எறிந்தால் குறி தவறிய கல் வெகுதூரம் ஓடிவிடும். எறிந்தவன் அதை எடுத்துத் திரும்புவதற்குள் காவலனிடம் அகப்படுவான். வில்போல் வளைந்து செல்லுமாறு மெல்ல எறிபவனே தப்பினான். இந்த எளிய உண்மை நெய்ஸ்மித்தின் நினைவில் இருபது ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.

மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் அவர் இறையியல் பயின்றார். சமய போதகராவதே அவர்தம் நோக்கம். ஆயினும் ரக்பி ஆட்டத்தை அவர் விடவில்லை. முரட்டு ஆட்டம் ஒன்றில் அடிபட்டு, கண்கள் கன்றிக் கறுத்த நிலையில் அவர் மேடையேறிச் சமயவுரை ஆற்றியதும் உண்டு. விளையாட்டு இளைஞரைக் கெடுக்கும் என்று உடன் பயின்றோர் பலர் கருதினர். அவர் மாறாக எண்ணினார். அறிவுரையை ஏற்காத இளைஞனும் திடலில் நல்லொழுக்கம் கற்பான் என்று நம்பினார். ஆகவே 1890இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குச் சென்றார். கிறித்தவ இளைஞர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ. அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தி வந்தது.

அவ்வூரில் குளிர்காலம் கடுமையானது. வெளியே பனி மூடிவிட்டால் மாணவர்கள் கூடத்திற்குள் அடைபட்டு, ஒரே வகையான உடற்பயிற்சியைச் செய்ய நேரும். 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு இதைச் சிறிதும் பொறுக்கவில்லை. அவர்களுக்குக் கற்பிக்க இயலாமல் இரண்டு ஆசிரியர்கள் விலகிக்கொண்டனர். துறைத் தலைவர் லூதர் குலிக் அவ்வகுப்பை நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்து, கூடத்திற்குள் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடிக்குமாறு பணித்தார். கெடு 14 நாள்கள்.

நெய்ஸ்மித் முதலில் பழைய ஆட்டங்களையே கூடத்திற்குள் கொண்டுவர முயன்றார். கால்பந்து ஆடினால் சன்னல் கண்ணாடிகள் உடைந்தன. ரக்பி ஆடினால் உடலில் அடிபட்டது. கெடுவும் முடியும் நிலை வந்தது. பிறகுதான் அவர் அமர்ந்து, ஓர் ஆட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண்ணத் தொடங்கினார். மோதல் ஏன் நிகழ்கிறது? பந்தோடு ஒருவன் ஓடுகிறான். அவனைத் தடுக்க மற்றவன் அவன்மேல் பாய்கிறான். பந்தை ஏந்தி ஓடக் கூடாது என்று விதித்துவிட்டால் பாய்ச்சலுக்குக் காரணமே இல்லை. அடுத்து, இலக்கு. கால்பந்தில்போல் இலக்கு நிமிர்ந்து நின்றால் அனைவரும் முழு வலிமையோடு பந்தை எறிவர். இலக்கு படுக்கையாக, தலைக்கு மேலே இருந்தால் என்ன? பாறையின்மேலிருந்த கல் இப்போது நினைவில் எழுந்தது. உயரத்தில் வாய் திறந்திருக்கும் இலக்கிற்குள் பந்தை வளைவாகத்தான் எறிய இயலும். அங்கே வலிமைக்கு வேலை குறைவு, திறமைக்கே வேலை மிகுதி.

கூடத்தின் பணியாளரிடம் அவர் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டிகள் இல்லை; பீச் பழக்கூடைகள் இரண்டு இருந்தன. அதனாலேயே இது கூடைப்பந்து ஆயிற்று. இல்லையேல் பெட்டிப்பந்து என்று பெயர் பெற்றிருக்கக்கூடும். 13 விதிகளை எழுதித் தட்டச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேராக வகுப்பைப் பிரித்து, கால்பந்து ஒன்றைக் கையில் கொடுத்தார். முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் விழுந்தது. கூடையின் அடிப்பகுதி மூடியிருந்தபடியால், விழுந்த பந்தை ஒருவர் மேலே சென்று எடுத்துத் தர வேண்டியிருந்தது. ஆட்டத்திற்கு அவர் பெயரையே சூட்டலாம் என்று மாணவர் ஒருவர் கூறியபோது, நெய்ஸ்மித் சிரித்து மறுத்துவிட்டார். ஆட்டத்திற்கு அவர் காப்புரிமையும் பெறவில்லை.

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர்கள் சென்ற நாடுகளுக்கெல்லாம் இவ்வாட்டமும் சென்றது. அப்பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதிகளிலும் பணியாற்றிய உடற்கல்வி ஆசிரியர்கள் அங்கே உருவாயினர்.

நெய்ஸ்மித் பின்னர் டென்வர் நகரில் பணியாற்றிக்கொண்டே மருத்துவம் பயின்று, 1898இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. கூடைப்பந்துக்காக அன்று, வழிபாட்டுக் கூடத்தை நடத்தவும் உடற்கல்வி கற்பிக்கவுமே அழைத்தது. அவர் சென்ற இடத்திற்கு ஆட்டமும் உடன் சென்றது என்பதே பொருத்தம். அணி ஒன்று உருவாயிற்று. 1899ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் கான்சாஸ் நகர ஒய்.எம்.சி.ஏ. அணியோடு அது தன் முதல் ஆட்டத்தை ஆடியது. ஆட்டத்தைக் கண்டவரே வழிநடத்திய அணி 5க்கு 16 என்ற கணக்கில் தோற்றது.

அக்காலத்தில் அருகில் வேறு பல்கலைக்கழக அணிகள் மிகுதியாக இல்லை, ஒய்.எம்.சி.ஏ. அணிகளோடும் சிறு கல்லூரிகளோடும் ஆடினர். 1907 வரை நெய்ஸ்மித்தின் அணி 55 ஆட்டங்களில் வென்றது, 60இல் தோற்றது. கான்சாஸ் அணிக்கு அவருக்குப் பின் வந்த பயிற்சியாளர் எவரும் வெற்றியைவிடத் தோல்வியை மிகுதியாகக் காணவில்லை. இதைக் குறையாகக் கொள்வோர் அவரது மனத்தை அறியாதவர். மாணவர் உடல் நலம் பெறவும், ஒருவரை ஒருவர் மதித்து ஆடவுமே அவர் ஆட்டத்தை அமைத்தார். இதற்குப் பயிற்சியாளர் என்றொருவர் எதற்கு என்று வியந்தவர் அவர்.

அவரிடம் ஆடிய ஃபாரஸ்ட் ஆலன் இக்கருத்தை ஏற்கவில்லை. கூடைப்பந்தையும் கற்பிக்க இயலும், திட்டமிட்டு வெல்ல இயலும் என்று அவர் வாதிட்டார். 1907இல் அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. இடையில் சில ஆண்டுகள் விலகியிருந்தாலும், 1956 வரை அவர் அப்பணியில் நிலைத்து, கான்சாஸ் அணிக்கு 590 வெற்றிகளைத் தேடித் தந்தார். 1952இல் அவ்வணி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வாகையர் பட்டம் வென்றது. ஆசிரியரும் மாணவரும் கருத்தில் எதிரெதிர்த் துருவங்கள். ஆயினும் ஒரே ஊரில், ஒரே வளாகத்தில் பல ஆண்டுகள் நட்போடு வாழ்ந்தனர். இருவருள் யார் சொன்னது சரி என்பது திடலில் இன்றும் தீராத வழக்கு.

1933இல் ஜான் மெக்லெண்டன் என்னும் கறுப்பின இளைஞர் அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கூடைப்பந்தே அவர் உயிர். ஆனால் கறுப்பின மாணவர்கள் அணியில் ஆட அன்று இடமில்லை. நீச்சல் குளமும் வெள்ளையருக்கே உரியதாக இருந்தது. மெக்லெண்டன் துணிந்து அதில் இறங்கி நீந்தியபோது, குளத்து நீர் முழுவதையும் வடித்துவிட்டனர். தந்தையின் சொற்படி அவர் நெய்ஸ்மித்தைத் தேடிச் சென்றார். எழுபது வயதைக் கடந்த நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்று, வழிகாட்டியாக நின்றார். அணியின் கதவை அவரால் திறக்க இயலவில்லை. ஆட்டத்தின் நுட்பங்களைக் கற்பிக்க யாரும் அவரைத் தடுக்கவும் இயலவில்லை. திடல் முழுவதும் ஓயாமல் ஓடி ஆடும் விரைவாட்ட முறையை மெக்லெண்டன் பின்னாளில் வளர்த்தெடுத்தார். 1957 முதல் 1959 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்ற கறுப்பினக் கல்லூரி அணி அவர் பயிற்றுவித்ததே. தாம் பயின்ற பல்கலைக்கழகத்தின் அணிக்காக ஒரு நாளும் ஆடாத மெக்லெண்டனின் பெயர், நெய்ஸ்மித் பெயரால் ஸ்பிரிங்ஃபீல்டில் அமைந்த புகழ்க் கூடத்தில் இடம்பெற்றுள்ளது.

1936இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டியில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கத்திற்குரிய ஆட்டமாயிற்று. அதற்காகப் பெரிதும் முயன்றவர் ஆலனே. நெய்ஸ்மித் அங்குச் சென்று காண்பதற்கு அமெரிக்கப் பயிற்சியாளர் சங்கம் உதவியது. பயிற்சியாளர் தேவையில்லை என்று கருதியவரை அனுப்பி வைத்தவர்கள் பயிற்சியாளர்களே என்பது சுவையானது. 21 நாட்டு அணிகள் அங்கே ஆடின. இறுதி ஆட்டம் மழையில், திறந்த வெளி மண் திடலில் நடந்தது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19க்கு 8 என்ற கணக்கில் வென்றது. தோற்றது கனடா. ஒன்று அவர் பிறந்த மண். மற்றொன்று 1925இல் அவரைக் குடிமகனாக ஏற்ற நாடு. இரு அணிகளுக்கும் அவரே பதக்கங்களை வழங்கினார்.

1937இல் அவர் பணி ஓய்வு பெற்றார். 1939ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் லாரன்ஸ் நகரில் காலமானார்; அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆட்டத்தின் தோற்றத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1941இல், அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது.

கான்சாஸ் அணி இன்று ஆடும் அரங்கிற்கு ஆலனின் பெயரும், அரங்கினுள் அமைந்த ஆடுகளத்திற்கு நெய்ஸ்மித்தின் பெயரும் வழங்குகின்றன. அவர் தட்டச்சிட்ட 13 விதிகள் அடங்கிய இரண்டு தாள்கள் 2010இல் ஏலத்திற்கு வந்தன. அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஒருவர் 43 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கினார். பழுப்பேறிய அத்தாள்கள், ஆலன் அரங்கையொட்டிய கட்டடம் ஒன்றில் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டுள்ளன.