பல்வங்கர் பாலு: ஊழும் உழைப்பும்

நம் சமுதாயத்து இளைஞன் ஒருவன் தேர்வில் முதல் வகுப்பில் தேறினால், அவனுக்கு நல்ல யோகம் என்று ஊரார் சொல்கின்றனர். வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்கின்றனர். தேறாமற்போனாலோ, முயற்சி போதாது என்று அவனைக் கடிந்துகொள்கின்றனர். வெற்றிக்குக் காரணம் விதி, தோல்விக்குக் காரணம் அவன் என்னும் இந்தக் கணக்கு விந்தையானது. நம்மவர்க்கு மட்டுமே இப்படி எழுதப்படும் கணக்கு இது. திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் படிக்கும் நாம், இவ்விரண்டுக்கும் இடையே நின்று வாழ்ந்த ஒருவருடைய வாழ்க்கையை இம்மலரில் எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் அறிஞரல்லர், மேடைப் பேச்சாளரும் அல்லர். பந்து வீசியவர். ஒரு காலத்தில் பம்பாய் மாகாணம் முழுவதும் அறிந்திருந்த அவருடைய பெயர் பல்வங்கர் பாலு.

1876-ஆம் ஆண்டில் தார்வாரில் தோல் தொழில் செய்யும் சாமர் குலத்தில் பாலு பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் பல்வன் என்னும் கொங்கணக் கரையோர ஊர். தந்தையார் படைத்துறையில் ஊழியம் பார்த்தவர். ஆதலால் குடும்பம் பூனா நகருக்கு வந்து சேர்ந்தது. பூனாவில் வெள்ளையர் படை முகாம் இருந்தது. முகாம் இருந்த இடத்தில் கிரிக்கெட்டும் இருந்தது. அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையையும் பந்தையும் கொண்டு பாலுவும் அவருடைய தம்பியரும் ஆடிப் பழகினர். தந்தையார் வேறோர் ஊரில் வேறொரு பிழைப்பில் இருந்திருந்தால் அந்தப் பந்து பாலுவின் கையில் விழுந்திராது. இதை நல்லூழ் என்று கூறுவோர் கூறட்டும், நாம் மறுக்கவில்லை. ஆனால் அம்முகாமைச் சுற்றிலும் எத்தனையோ சிறுவர் வாழ்ந்தனர் என்பதையும் மறவாதிருப்போம்.

பள்ளிப் படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. பாலுவுக்குக் கிடைத்த முதல் வேலை, பார்சியர் நடத்திய ஒரு கிரிக்கெட் சங்கத்தில் ஆடுகளத்தைப் பெருக்கிச் சீர்செய்வது. மாதச் சம்பளம் மூன்று ரூபாய். 1892-ஆம் ஆண்டளவில் வெள்ளையரின் பூனா சங்கத்திற்கு மாறினார். அங்கே நான்கு ரூபாய். வலை கட்டவேண்டும், தரையை உருளையால் சமன் செய்யவேண்டும், கோடு போடவேண்டும். இவற்றோடு, பயிற்சிக்கு வரும் துரைமார்களுக்குப் பந்து வீசவும் வேண்டும். பந்து வீசுவது ஆட்டத்தில் ஒரு சிறப்பான பங்கு என்று அன்று யாரும் எண்ணவில்லை. மட்டை பிடிப்பதே துரைமாரின் கலை. வெயிலில் நின்று ஓயாமல் வீசுவது வேலையாளுக்கு உரிய உழைப்பு. பாலு அச்சங்கத்தில் ஒரு நாளும் மட்டை பிடிக்க அனுமதிக்கப்படவில்லை என்பர்.

அச்சங்கத்தில் கிரெய்க் என்னும் படை அதிகாரி இருந்தார். அக்காலத்து இந்தியாவில் வாழ்ந்த வெள்ளையருள் தலைசிறந்த மட்டையாளர்களில் ஒருவர். அவர் மற்றவர்க்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே களத்திற்கு வந்துவிடுவார். அவருக்குப் பந்து வீச பாலுவும் வந்தாக வேண்டும். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் அவர் எட்டணா கொடுத்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. அது மெய்யானால், மாதத்தில் எட்டு முறை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம் மேலும் கிடைத்துவிடும். பாலு இடக்கையால் மெதுவாகப் பந்து சுழற்றுபவர். வேகத்தால் அச்சுறுத்துபவர் அல்லர். ஆகவே, எதிரே நிற்பவரின் காலடியையும் மணிக்கட்டையும் நோக்கி, எங்கே விழுந்தால் எப்படித் திரும்பும் என்பதை நாள்தோறும் கணக்கிட்டே வீசவேண்டும். ஆண்டுக்கணக்கில், நூற்றுக்கணக்கான மணி நேரம், மிகச் சிறந்த மட்டையாளர் ஒருவருக்கு எதிராக அவர் இதைச் செய்தார். கிரெய்க் தம் ஆட்டத்தைச் சீராக்கிக்கொள்வதாகவே எண்ணினார். நான்கு ரூபாய் வேலையாளோ துரைமாரின் பயிற்சியைத் தம் பயிற்சியாக மாற்றிக்கொண்டார்.

முயற்சி என்ற சொல்லை நாம் அடிக்கடி வாயளவில் பேசுகிறோம். நமக்கென்று ஒதுக்கப்பட்ட தாழ்ந்த வேலையையே ஒரு கலையின் பள்ளியாக ஆக்கிக்கொள்வதைக் காட்டிலும் பெரிய முயற்சி எது என்று நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் இதைக் கொண்டு, தாழ்ந்த வேலையே நல்லது, அதிலேயே இருங்கள் என்று நமக்குப் போதிக்க வருவோரையும் நாம் அறிவோம். பாலு அவ்வேலையில் தங்கிவிடவில்லை.

பூனாவின் வெள்ளையர் சங்கத்தை வெல்ல வேண்டும் என்ற ஆவல் நகரத்து இந்துக்களின் அணிக்கு இருந்தது. வெல்லக்கூடிய பந்து வீச்சாளர் நகரில் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் தீண்டப்படாதவர். சேர்ப்பதா வேண்டாவா என்று அவர்களுக்குள் வாதம் நிகழ்ந்தது. இறுதியில் சேர்த்துக்கொண்டனர். அறவுணர்வால் சேர்த்தனர் என்று நாம் கருதவில்லை. அவரில்லாமல் வெற்றியில்லை, அதனால் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட அதே பந்தை மற்றவரும் தொட்டனர். தேநீர் இடைவேளை வந்ததும் பழைய உலகம் திரும்பிவிடும். உடன் ஆடியோர் மண்டபத்தின் உள்ளே பீங்கான் கோப்பைகளில் தேநீர் பருகுவர். பாலுவுக்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண்குவளையில் தேநீர். உணவு வேளையில் அவருக்குத் தனித் தட்டு, தனி இடம். முகம் கழுவ வேண்டுமானால் தீண்டப்படாத வேலையாள் ஒருவரே ஒரு மூலையில் நீர் கொண்டுவந்து ஊற்றவேண்டும். அந்த அணி பூனா வெள்ளையரை வென்றது. பின்னர் சாத்தாராவுக்கு ஆடச் சென்றபோது, பாலுவின் சுழற்சி எடுபடாதிருக்க அங்குள்ள வெள்ளையர் சங்கத்தார் ஆடுகளத்தை ஒரு வாரம் உருளையிட்டு இறுக்கினார்களாம். அங்கும் பாலு ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

பூனாவில் பிளேக் நோய் பரவிய காலத்தையொட்டிப் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். இரயில்வேயில் வேலை கிடைத்தது. அதன் அணிக்கும் ஆடினார். இந்து ஜிம்கானா அணியிலும் இடம் பெற்றார். 1906-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் வெள்ளையரும் மோதிய ஆட்டத்தில் இந்துக்கள் 109 ஓட்ட வேறுபாட்டில் வென்றனர். அணியில் பாலுவும் அவர் தம்பி சிவராமும் இருந்தனர். ஆளும் இனத்தை அதன் ஆட்டத்திலேயே வீழ்த்திய அவ்வெற்றி நாடெங்கும் பேசப்பட்டது. சாமர் குலத்துச் சகோதரர்களை ஜிம்கானா சேர்த்துக்கொண்டதைச் சீர்திருத்த இதழ்கள் பாராட்டி எழுதின. அடுத்த ஆண்டும் இந்துக்கள் வென்றனர்.

1911-ஆம் ஆண்டில் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் அகில இந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. பாலுவும் சிவராமும் அதில் சென்றனர். பாலுவுக்கு அப்போது வயது முப்பத்தைந்து; பந்து வீசும் தோளில் வலி. அணி 23 ஆட்டங்கள் ஆடி, 6-ல் வென்று, 15-ல் தோற்றது. தோல்வி மலிந்த அப்பயணத்தில் பாலு ஒருவர் மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 19 ஓட்டங்களுக்கும் குறைவு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு எதிராக ஓர் ஆட்டப்பகுதியில் எட்டு விக்கெட்டுகள் எடுத்தார். லெஸ்டர்ஷயர் கவுண்டியை அணி வென்றதற்கு அவர் பந்து வீச்சே பெருங்காரணம். பூனாவில் வலை கட்டிய கை, கிரிக்கெட்டின் தாயகத்திலேயே இதைச் செய்தது.

இவ்வளவில் கதையை நிறுத்தினால், உழைத்தான் உயர்ந்தான் என்று பள்ளிப் பாடநூலில் சேர்த்துவிடலாம். ஆனால் மீதக் கதையே நமக்கு வேண்டியது.

அணியில் மூத்தவர், ஆட்டத்தின் நுணுக்கம் நன்கறிந்தவர், அதிக விக்கெட்டுகள் வீழ்த்தியவர் பாலு. அணித்தலைமை அவருக்குரியது என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். ஆண்டுதோறும் தலைவர் தெரிவு நடக்கும். ஆண்டுதோறும் உயர்சாதியைச் சேர்ந்த ஒருவரே தலைவராவார். 1913-இல் தலைவராக நியமிக்கப்பட்ட எம். டி. பை என்பவர், அந்தப் பெருமை பாலுவையே சேர்ந்திருக்க வேண்டும் என்று பொதுவில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டும் நிலைமை மாறவில்லை. இங்கே பாலுவிடம் எந்த முயற்சி குறைந்தது? எந்த மனவுறுதி போதவில்லை? அதிர்ஷ்டம் கைவிட்டது என்றும் சொல்ல இயலாது. அதிர்ஷ்டம் எனில் ஓராண்டு வராதிருந்து மறு ஆண்டு வரும். ஆண்டுதோறும் தவறாமல் ஒரே மனிதருக்கு எதிராக விழும் சீட்டுக்கு அதிர்ஷ்டம் என்பது பெயரன்று. அது மனிதர் செய்த ஏற்பாடு. மனிதர் செய்ததை விதியின் தலையில் ஏற்றுவது, செய்தவருக்கு வசதியாக இருக்கிறது.

1920-ஆம் ஆண்டில் அந்த ஏற்பாடு எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வாண்டின் போட்டியில் பாலு அணியிலிருந்தே விலக்கப்பட்டார். தலைமையும் அவருடைய தம்பியரைக் கடந்து வேறொருவருக்குச் சென்றது. உடனே தம்பியர் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினர். சாதி காரணமாகத் தாங்கள் இழிவுபடுத்தப்பட்டதைப் பத்திரிகை வாயிலாக வெளிப்படையாக அறிவித்தனர். நால்வராய் ஆடிய சகோதரர்கள் அவர்கள். கணபத் அவ்வாண்டிலேயே நோயால் மறைந்தார். அந்தத் துயரின் காலத்திலும் அவர்கள் தளரவில்லை. பம்பாயில் பெரும் விவாதம் எழுந்தது. பின்னர் அடுத்த ஆட்டத்திற்குச் சகோதரர்கள் மீண்டும் அழைக்கப்பட்டனர். பாலு துணைத்தலைவர் ஆக்கப்பட்டார். தலைவர் களத்தை விட்டு வெளியேறிய நேரத்தில், நாற்பத்து நான்கு வயதில், பாலு அணியை நடத்தினார். தம் திறமையால் இருபதாண்டுகளில் அடைய முடியாததை, தம்பியரின் மறுப்பு சில நாள்களில் பெற்றுத்தந்தது. பாலு பணிவும் அடக்கமும் உள்ளவர் என்று எல்லாரும் புகழ்ந்தனர். அந்தப் பணிவு எவருக்கு இலாபமாயிற்று என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

1923-ஆம் ஆண்டில் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டே கோப்பை இந்துக்களுக்குக் கிடைத்தது. 1925-இலும் 1926-இலும் அவர் தலைமையில் அணி மீண்டும் வென்றது. தலைமை தாங்கும் தகுதி அக்குடும்பத்தில் இருந்ததா என்னும் ஐயம் எவருக்கேனும் இருந்திருந்தால் அது அத்துடன் தீர்ந்தது. பாலு அப்போது ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். முதல்தர ஆட்டங்கள் என்று கணக்கிடப்படும் 33 ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 179.

அவருடைய பிற்கால வாழ்க்கையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம்மில் சிலருக்கு அது கசக்கவும் கூடும். பாலு காந்தியடிகளின் வழியில் பற்றுக்கொண்டார். 1932-ஆம் ஆண்டு தனித்தொகுதிச் சிக்கலில், நம் சென்னை மாகாணத்துத் தலைவர் எம். சி. ராஜாவைப் போலவே, அவரும் கூட்டுத் தொகுதி முறையை ஆதரித்தார். பூனா ஒப்பந்தத்தில் அவருடைய கையொப்பமும் உள்ளது. 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் பம்பாயில் அண்ணல் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலுவே. அவருடைய பெரும்புகழை நம்பித்தான் அவரை நிறுத்தினர். ஏறத்தாழ 2000 வாக்கு வேறுபாட்டில் அண்ணல் வென்றார். வென்றது நல்லதாயிற்று என்பதே நம் கருத்து. எனினும் பாலுவைத் துரோகி என்று வைது ஒதுக்குவதை நாம் ஏற்கவில்லை. அண்ணல் இளைஞராய் இருந்த நாளில், தீண்டப்படாதோரில் நாடறிந்த பெயராக விளங்கியது பாலுவின் பெயர். உயர்சாதியார் அவரைச் சேர்த்துக்கொண்ட அளவையும் சேர்க்காமல் நிறுத்திய அளவையும் ஒருங்கே கண்டவர் அவர். சேர்த்துக்கொண்டதையே பெரிதாக எண்ணி நம்பினார். நிறுத்திய கோட்டைப் பெரிதாக எண்ணியவர் அண்ணல். தனி ஒருவர் திறமையால் கோட்டைத் தாண்டிச் சென்றாலும் கோடு அப்படியே கிடக்கும் என்பதைக் கண்டு, அதைச் சட்டத்தால் அழிக்க முனைந்தார். நமக்கு உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் வந்தது அந்த வழியில்தான். நம் சங்கத்தின் விடுதியில் தங்கிப் படித்து உயர்ந்தவர்களை அதிர்ஷ்டசாலிகள் என்று யாரேனும் சொன்னால், அந்த அதிர்ஷ்டத்தைப் போராடிச் செய்தவர்கள் யார் என்று திருப்பிக் கேட்கலாம்.

பாலு 1955-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காலமானார். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூன் முதல் நாள், தீண்டாமைக் குற்றச் சட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்திருந்தது. பொது உணவுச்சாலைகளில் எல்லாரும் புழங்க வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பது அச்சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாயிற்று.