பொதுப் பொறி தேடிய பேராசான்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தார். கேம்பிரிட்சிற் கணிதமும் பௌதிகமும் கற்று மீண்டு, பிரெசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியரானார். அக்கல்லூரி அறையொன்றிலேயே 1931இல் இந்தியப் புள்ளிவிபர நிறுவகம் தோன்றிற்று. முதலாண்டுச் செலவு 250 ரூபாவிற்கும் குறைவே.

கைப்பொறி கொண்டு பலர் கணித்தும் பெருங்கணக்குகள் தேங்கின. மின்கணிப்பொறியோ பெருவிலையது, தனியொரு கல்லூரியால் வாங்கலாகாது. எனவே பொதுப் பொருளை நாடினார். 1956இல் இந்தியாவின் முதல் இலக்கக் கணிப்பொறி இங்கிலாந்திலிருந்து அவர்தம் நிறுவகத்தை அடைந்தது. பின்னர், ஐக்கிய நாடுகள் சபையின் உதவியால் உருசியப் பொறியொன்றும் வந்தது. பிற ஆய்வாளரும் அவற்றாற் பயனுற்றனர். 1966இல் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு கூடி நிறுவகம் தானே ஒரு பொறியைச் சமைத்தது. 1972இல் அவர் மறைந்தார்.

ஒரே நுணுக்குக்காட்டியைப் பலர் சூழ்ந்து நின்று கற்ற ஹாலிஎலப் பழைய மாணவர், இவ்வாழ்வின் பொருளை நன்கறிவர். இன்று கற்போர்க்கும் ஒரு பொதுக் கருவியை அளித்தல் நம் கடனாகும்.